டிஸ்சார்ஜ் அன்று பில்லில் எதை வெட்டுகிறார்கள்?

வணக்கம். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். பொழுது சாய்ந்த பிறகும் இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் அப்ரூவல் வந்தால், "மிச்சத்தை நீங்க கட்டணும்" என்கிறது பில்லிங் கவுண்டர்.

கம்பெனி வேலையில் இருப்பவருக்காவது எச்.ஆர். போன் போடுவார். விளக்குத்தூண் பக்கம் கடை வைத்து, சொந்தமாகப் பிரீமியம் கட்டுகிறவருக்குப் பேச யாரும் இல்லை. அதனால் இந்தக் கணக்கை நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் நேரம். டிஸ்சார்ஜ் அப்ரூவலை 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்கும் பணம் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரியின் கோரிக்கை கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த 3 மணி நேரம் தொடங்கும். எனவே இன்சூரன்ஸ் டெஸ்க்கில், "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரூம் வாடகை. பெரிய வெட்டு விழுவது இங்கேதான்.

[திரையில்: கணக்கு]

பாலிசி 3 லட்சம். ரூமுக்கு நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரம்பு. நீங்கள் எடுத்த ரூம் 6,000. நான்கு நாளுக்கு 12,000தானே கூடுதல் என்று நினைப்போம். அப்படி இல்லை. ரூம் வரம்பைப் போல இரண்டு மடங்கு என்பதால் டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணத்திலும் கம்பெனி பாதிதான் தரும். இதுதான் விகித வெட்டு. அந்தக் கட்டணங்கள் 1,20,000 என்றால் 60,000 போச்சு. ரூமோடு சேர்த்து உங்கள் கையிலிருந்து 72,000.

[திரையில்: மருந்து, டெஸ்ட், இம்ப்ளான்ட்]

இவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. 2020இல் கொண்டுவந்த விதி இது. மருந்தும் டெஸ்டும் 60,000 என்று வையுங்கள். அதையும் பாதியாக்கினால் இன்னொரு 30,000 அநியாயமாகப் போகும். அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இன்னொன்று, எந்த ரூமாக இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் விகித வெட்டே கிடையாது. அப்படியானால், "ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாது" என்று லெட்டர் ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

கிளவுஸ் மாதிரிச் சில்லறைப் பொருள்களையும் கழிப்பார்கள். பல பாலிசிகளில் அதற்குப் பணம் கிடையாது. சண்டை போடும் தெம்பை அதில் செலவழிக்க வேண்டாம்.

சரி, வெட்டு தப்பு என்று தெரிகிறது. என்ன செய்வது? ஒவ்வொரு பிடித்தமும் பாலிசியின் எந்த விதிப்படி என்று இமெயிலில் கேளுங்கள். க்ளெய்மைக் குறைத்தாலோ மறுத்தாலோ அதைச் சொல்வது அவர்கள் கடமை. கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வது பின்னால் எதற்கும் உதவாது. பிறகு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவரிடம் போகலாம். நமக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, புகாரை ஆன்லைனில் கொடுக்கலாம், விசாரணையை வீடியோவிலேயே நடத்தவும் விதி இருக்கிறது. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், கம்பெனி 30 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும்.