இரண்டத்தனையாகக் கிடைக்காதவர்

[திரையில்: மழை விட்ட காலை, புலியூர்க்குறிச்சி பஸ் நிறுத்தம்]

வணக்கம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் உதயகிரிக் கோட்டை. அதே புலியூர்க்குறிச்சியில்தான் முட்டிடிச்சான் பாறையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். இந்தக் கோட்டை வேலையில் இருந்த காலத்தில்தான் ஒரு மனிதர் முதன்முதலாக வேதாகமத்தில் வருகிற யோபுவின் கதையைக் கேட்டார். சில வருஷம் கழித்து அதே மனிதரைக் கையைக் கட்டி, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்போது தாகத்தில் துவண்டுபோய் ஜெபம் செய்துவிட்டு முட்டுக்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்று மக்கள் சொல்கிற இடம்தான் அந்தப் பாறை.

தேவசகாயத்தைத்தான் சொல்கிறேன். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே, அவர்தான். நான் சி.எஸ்.ஐ. வீட்டில், அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்கிற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவன், எங்கள் சபையில் புனிதர்களிடம் வேண்டிக்கொள்கிற வழக்கம் கிடையாது. அதனால் இந்த வீடியோவுக்குக் கீழே இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வரும், தெரியும். பரவாயில்லை. பாடு வரும்போது விசுவாசத்தில் நிற்பது என்றால் என்ன என்று பேச, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இப்படி ஒருவர் இருக்கும்போது நான் ஏன் வேறெங்கோ தேடிப் போக வேண்டும்?

சரி, கதைக்கு வருவோம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். பெயர் நீலகண்டன். நாயர் குடும்பம், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அதில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரிதான் டிலனாய். ராஜா அவரைக் கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் வைத்துக்கொண்டார். நீலகண்டனுக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

அந்த நேரத்தில் நீலகண்டன் வீட்டில் அடிமேல் அடி. மாடுகள் செத்தன, பயிர் போயிற்று, சொத்து கரைந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். முகம் வாடிப்போய் இருந்தவரிடம் டிலனாய் என்ன ஏது என்று விசாரித்திருக்கிறார். விசாரித்துவிட்டு அவர் சொன்னது யோபுவின் கதை.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். சொன்னவர் யார்? போரில் தோற்றவர். சொந்த ஊருக்குத் திரும்ப வழியில்லாதவர். கடைசி வரை திரும்பவும் இல்லை, 1777-இல் இதே மண்ணில்தான் இறந்தார், கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. எல்லாம் போன ஒருவர், எல்லாம் போய்க்கொண்டிருக்கிற இன்னொருவரிடம், எல்லாம் போன மூன்றாவது ஒருவரின் கதையைச் சொல்லியிருக்கிறார். நீ ஏதோ பாவம் செய்தாய், அதனால்தான் மாடு செத்தது என்று அவர் ஆரம்பித்திருந்தால் பேச்சு அன்றைக்கே முடிந்திருக்கும்.

1745-இல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் ஒரு இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரின் தமிழாக்கம்தான் தேவசகாயம். தேவன் உதவினார் என்று பொருள். பெயரைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாலே வருஷத்தில், 1749-இல், அவரைப் பிடித்துவிட்டார்கள். காரணம் மதம் மட்டும்தானா, அரண்மனைப் பகையும் சேர்ந்ததா என்று வரலாற்று ஆட்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அடி, காயத்தில் மிளகாய்ப் பொடி, வெயில், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தது என்று ஏறக்குறைய மூன்று வருஷம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 39.

மூன்று வருஷம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இல்லையா? எனக்கு இதில் உறைக்கிற இடமே அதுதான். சாகிற அன்றைக்கு ஒருவர் காட்டுகிற துணிச்சலைப் பற்றி எல்லாரும் பிரசங்கம் செய்கிறோம். ஆனால் மரத்தில் கட்டிப்போட்ட ஒருவருக்கு, இன்றைக்கும் விட மாட்டார்கள், நாளைக்கும் விட மாட்டார்கள் என்று தெரிந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருந்திருக்கும்? நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற பாடு அந்த மாதிரிதான். டயாலிசிஸ், கடன், பேசாமல் போன பிள்ளை, வருஷக்கணக்காக இழுக்கிற கேஸ். துப்பாக்கி வராது, ஆனால் விடியவும் விடியாது.

[திரையில்: திறந்திருக்கும் பழைய வேதாகமம், யோபு 2]

இப்போது யோபு. ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், பத்துப் பிள்ளைகள், எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார் யோபு. இந்த வசனத்தை நாம் துக்க வீட்டுக்கு வெளியே ஒட்டுகிற போஸ்டரில் போடுகிறோம். அது முதல் அதிகாரம். யோபு புத்தகத்துக்கு 42 அதிகாரம் இருக்கிறது. மூன்றாவது அதிகாரத்தில் இதே மனிதர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அப்புறம் முப்பது அதிகாரத்துக்கு மேல் ஒரே வழக்காடல். என்னை ஏன் குறிவைத்தீர், என்னோடு வந்து வாதாடும், எனக்குப் பதில் சொல்லும் என்று ஆண்டவரையே கூப்பிட்டுக் கேட்கிறார். எந்தப் போஸ்டரிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா?

சிநேகிதர்கள் மூன்று பேர், எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். இவர்களை வில்லன்களாகவே நினைத்துப் பழகிவிட்டோம், ஆனால் ஆரம்பத்தில் அவர்கள் செய்தது அருமையான காரியம். ஏழு நாள், ஏழு ராத்திரி, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. காரணமில்லாமல் இப்படி நடக்குமா, நீ என்னமோ செய்திருப்பாய், ஒத்துக்கொள், சரியாகிவிடும் என்றார்கள். "நீங்களெல்லாரும் காரியத்துக்குதவாத வைத்தியர்கள்" என்று யோபு பொரிந்துதள்ளினார்.

எங்கள் வீட்டுக்கும் அந்த வைத்தியர்கள் வந்தார்கள். அம்மாவுக்கு முதுகெலும்பில் பிரச்சினை, ஆப்பரேஷனுக்கு அப்புறமும் வலி விடவில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், வீட்டில் யாராவது ஆண்டவருக்குப் பொருத்தனை (நேர்ச்சை) செய்துவிட்டு மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இன்னொருவர், விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்றார் (தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்). அம்மா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்தோத்திரம், நல்லாருக்கேன்."

ஒரு மாமி மட்டும் கையில் முருங்கைக் கொப்போடு வந்தார். கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரையை உருவ ஆரம்பித்துவிட்டார். பழுத்த இலையைத் தனியாகப் போடுவதும், ஈர்க்கை ஒடித்து எறிவதுமாக அரைமணி நேரம். பிரசங்கமும் இல்லை, வசனமும் இல்லை. பாதிக் கொப்பு முடிந்தபோது நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "என்னட்டி, வலிக்கா?"

"வலிக்கு மயினி. தாங்க முடியல்ல. ஆண்டவருக்குக் காது இல்லையான்னு இருக்கு."

ஆப்பரேஷன் முடிந்து நாலு மாசத்தில் அம்மா வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமி பதறவில்லை, அப்படிச் சொல்லாதே என்று வாயையும் பொத்தவில்லை. "கேட்டுகிட்டே இரு. விடாத" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கொப்பை எடுத்தார்.

நான் இந்த வீடியோவில் சொல்ல வந்தது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆண்டவரிடம் முறையிடுகிறவர் ஆண்டவரை விட்டுப் போனவர் அல்ல. விட்டுப் போனவர் ஏன் அவரிடமே போய்ச் சண்டை போடப் போகிறார்? யோபு கடைசிவரை நான்கு சுவரிடம் பேசவில்லை, அவரிடம்தான் பேசினார். 42-ஆவது அதிகாரத்தில் ஆண்டவர் யார் மேல் கோபப்படுகிறார் என்று பாருங்கள். அத்தனை கேள்வி கேட்ட யோபு மேல் இல்லை. ஆண்டவருக்காக வக்கீல் வேலை பார்த்த மூன்று பேர் மேல்! என் தாசனாகிய யோபுவைப்போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். 88-ஆம் சங்கீதத்தையும் ஒரு தடவை வாசியுங்கள். இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயாகூடக் கிடையாது. வேதாகமத்தில் அதற்கும் இடம் இருக்கிறது, நம் சாட்சி நேரத்தில்தான் இல்லை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் கேட்டவருடைய சபை நாம்.

வேதாகமத்தில் வருகிற தீர்க்கதரிசி எலியாவையும் சொல்லிவிடுகிறேன். சூரைச்செடிக்கு அடியில் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து கொடுத்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஏன் இங்கே வந்தாய் என்ற கேள்வியெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். சாக வேண்டும் போல இருக்கிறது என்று உங்களிடம் யாராவது சொன்னால், அல்லது உங்களுக்கே அப்படி இருந்தால், டாக்டரிடம் போவது விசுவாசக் குறைச்சல் இல்லை. அது அந்த அடை மாதிரிதான்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் வீடியோ பாதகமாகப் போய்விடும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொள், அது உன் சிலுவை என்று பெண்களிடம் சொல்கிறோமே, அது சிலுவை அல்ல. தேவசகாயம் விசுவாசத்துக்காக அடி வாங்கினார். ஒருத்தி அடி வாங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு அவளுக்கு அவருடைய கதையைச் சொல்கிறவர் எலிப்பாஸைவிட மோசம்.

[திரையில்: காற்றாடி மலை, பாறையில் குழந்தைகள்]

அப்புறம் அந்த முடிவு. யோபுவுக்கு எல்லாம் இரண்டத்தனையாகத் திரும்ப வந்தது. பதினாலாயிரம் ஆடு, ஆறாயிரம் ஒட்டகம். இதை வைத்துத்தான் எத்தனை கூட்டம் நடக்கிறது, இழந்தது இரட்டிப்பாக வரும், அதற்கு இந்தக் காணிக்கைக் கவர்! பிள்ளைகள் கணக்கைப் பாருங்கள். முன்பு பத்து, பின்பும் பத்து. செத்த பத்துப் பேர் திரும்பி வரவில்லை. ஏன் இதெல்லாம் நடந்தது என்ற காரணமும் யோபுவுக்குக் கடைசி வரை சொல்லப்படவில்லை. நமக்குத்தான் முதல் அதிகாரத்திலேயே தெரியும்.

டிலனாய் கதையை முடிவுவரை சொல்லியிருந்தால், அந்த இரண்டத்தனையும் தேவசகாயம் காதில் விழுந்திருக்கும். அவருக்கு அது கிடைக்கவில்லை. உத்தியோகம் திரும்பவில்லை, நட்டாலத்து வீடும் திரும்பவில்லை. ஞானப்பூ என்று பெயர் பெற்ற மனைவி பார்கவி ஊரை விட்டு வடக்கன்குளத்தில் போய்த் தங்க வேண்டியதாயிற்று. தேவன் உதவினார் என்று பெயர் வைத்துக்கொண்டவரின் எலும்புகளைத்தான் ஆட்கள் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். சிலையை வணங்க மாட்டோம் என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முன்னால் நின்று, எரிகிற சூளையில் போடப்பட்ட மூன்று பேர் தங்கள் ஆண்டவரைப் பற்றிச் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை, "விடுவிக்காமற்போனாலும்", அதை வாழ்ந்து காட்டியவர் என்று எனக்குத் தோன்றும். அந்த மூன்று பேரும் சூளையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள், இவர் வரவில்லை.

காற்றாடி மலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு, அவர் விழுந்தபோது மணி மாதிரி ஒலித்தது என்பார்கள். இப்போதும் கல்லால் தட்டினால் கணீரென்று கேட்கும். போன ஜனவரியில் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஏற முடியவில்லை, கீழே உட்கார்ந்துகொண்டார். சி.எஸ்.ஐ. அம்மா, மெழுகுதிரி ஏற்றவில்லை. "நீ போய்த் தட்டு, எனக்குக் கேக்கும்" என்றார். தட்டினேன். கேட்டதாம்.

வலி இன்னும் இருக்கிறது. ராத்திரி லைட்டை அணைத்த பிறகு, பக்கத்து அறையில் அம்மா ஜெபிப்பது எனக்குக் கேட்கும். முன்பெல்லாம் ஸ்தோத்திரத்தில்தான் ஆரம்பிப்பார். இப்போது முதல் வரி வேறு. "ஆண்டவரே, இன்னைக்கும் வலிக்கு. உமக்குக் கேக்கா?" கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று ஆரம்பிப்பார்.