ஒட்டி வந்த 369 எழுத்து

சபையோருக்கு வணக்கம். வெள்ளவத்தையில் மொட்டைமாடிச் சாடிகளில் மிளகாயும் தக்காளியும் வளர்ப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். இலை மஞ்சளித்தால் வைரசு பிடித்துவிட்டது என்கிறோம். எந்த வைரசு என்பதோடு நில்லாமல், அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது எது என்றும் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1972இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் தக்காளிச் செடிகள் கருகிச் செத்தன. அவற்றில் இருந்தது வெள்ளரித் தேமல் வைரசு. வழக்கமாக அது இலையை நூல்போல் ஒடுக்கும், காய்ப்பைக் குறைக்கும், இப்படிக் கொல்லாது. ஆர்.என்.ஏ என்பது மரபுச் செய்தியைத் தாங்கும் வேதி இழை. கொன்றது வைரசின் ஓட்டுக்குள் இருந்த ஒரு குட்டி ஆர்.என்.ஏ என்று 1977இல் தெரியவந்தது. துணைக்கோள் ஆர்.என்.ஏ என்பது இதுதான். அந்த இழையின் ஒவ்வொரு வேதி அலகையும் ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டால், வைரசின் மரபுச் செய்தி ஏறக்குறைய 8600 எழுத்து. இதற்கோ நானூறுகூட வராது. ஒரு புரதத்தையும் ஆக்காது. பெருகுவதற்கு வைரசின் நொதி வேண்டும், அடுத்த செடிக்குப் போக வைரசின் புரத ஓடு வேண்டும். இத்தனைக்கும் கையேந்தி நிற்கும் ஒன்று செடியை எப்படிக் கொல்கிறது, எப்படி மஞ்சளாக்குகிறது?

மஞ்சளுக்கான விடை 2011இல் ஜப்பானிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் தனித்தனியே வந்தது. படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. வெள்ளரித் தேமல் வைரசோடு வரும் ‘வை’ (Y) என்ற துணைக்கோளுக்கு 369 எழுத்து. அது சேர்ந்தால் புகையிலை இலை பளிச்சென்று மஞ்சளாகும். அந்நிய ஆர்.என்.ஏ நுழைந்தால் செடி அதைத் துண்டுதுண்டாய் நறுக்கும்; அந்தத் துண்டுகளோடு பொருந்தும் செய்தி எங்கே கண்டாலும் வெட்டும். அதுதான் செடியின் காவல். ‘வை’யின் 22 எழுத்துத் துண்டொன்று, பச்சையம் ஆக்கும் நொதிக்கான செய்தியோடு பொருந்திவிடுகிறது. காவலே தன் வீட்டை வெட்டுகிறது! புகையிலையின் அந்தச் செய்தியில் எழுத்துகளை மாற்றிப் பொருந்தாமற் செய்தபோது இலை மஞ்சளாகவில்லை.

சாறு குடித்து வைரசைச் செடிக்குச் செடி கொண்டுசெல்லும் அழுக்கணவன் பூச்சியை மஞ்சள் இலை இழுக்கும். 2021இல் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பு: அந்த இலையின் சாற்றைக் குடித்த பூச்சிகள் சிவந்தன, பிறகு சிறகு முளைத்தன. பறக்கும் பூச்சி வைரசைத் தொலைவுக்குச் சுமக்கும். வைரசோடு துணைக்கோளும் போகும்.

ஆபிரிக்காவில் கச்சானைக் குட்டையாக்கும் ரோசெட் நோயிலும், கண்ணுக்குத் தெரியும் கேட்டுக்கு முதற்காரணம் ஒரு துணைக்கோள்தான்.

எல்லாத் துணைக்கோளும் கெடுதல் செய்வதில்லை. சில, வைரசின் பெருக்கத்தைக் குறைத்து நோயைத் தணிக்கும். அத்தகையவற்றைச் சீனாவில் 1980களில் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தடுப்பூசிபோல் கொடுத்தார்கள். 1987இல் புகையிலையின் மரபணுத் தொகுதியிலேயே பதித்துப் பார்த்தார்கள், பலித்தது. நம் தோட்டங்களுக்கும் கொண்டுவரலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஓரிரு எழுத்து மாறினாலே சாதுவானது கொலைகாரனாகிவிடும். அப்படித் தானாகவே மாறியதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வயலில் விட்டதைத் திருப்பி அழைக்க முடியாது.

நோய்ச்செடியைப் பிடுங்குங்கள், அழுக்கணவனைக் கவனியுங்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளைகளே, வைரசைச் சோதிக்கும்போது அந்தக் குட்டி ஆர்.என்.ஏயையும் தேடுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன்.