தம்புராவுக்குள் இருக்கும் காந்தாரம்

(சேலத்தில் ஓர் இசைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பாட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஏற்காட்டுத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாடல் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒரே வரியை ஆண் குரலும் பெண் குரலும் வெவ்வேறு ஸ்வரத்தில் பாடும்போது பிறப்பதுதான் ஹார்மனி. எல்லாரும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்தால் அது ஹார்மனி ஆகாது. மலையிறங்கி வந்து கோட்டை மாரியம்மன் கோயிலில் நாகஸ்வரம் கேட்டால் ராகம் ஒற்றை வழியாகப் போகும். அதனால், ‘ஹார்மனி வெள்ளைக்காரர் சங்கதி, நமக்கு ராகம்தான்’ என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை.

பாட்டுக்குச் சுருதி தரும் தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை, அதாவது கீழ் ‘ச’ ஒலிக்கும் தந்தியைப் பாருங்கள். கணக்குக்காக, அது நொடிக்கு 100 முறை அதிர்கிறது என்று வைப்போம். தந்தி முழுசாக மட்டும் ஆடுவதில்லை. பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில், ஐந்தில் ஒன்றாகவும் சேர்ந்தே ஆடும். அதனால் 200, 300, 400, 500 என்ற ஒலிகளும் எழும். 200-ம் 400-ம் மேல் சட்ஜங்கள். 300 பஞ்சமம், அதாவது ‘ப’. 500 அந்தர காந்தாரம், அதாவது ‘க’! நான்கு தந்திகளில் எதையும் காந்தாரத்துக்குச் சுருதி கூட்டவில்லை; ஆனாலும் அது கேட்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகும் அந்தச் சின்ன நூல்தான் இந்த நுண்ணொலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. ச, க, ப மூன்றும் சேர்ந்தால் மேல்நாட்டார் மேஜர் கார்டு என்பார்கள். தேவாலயத்தில் ஒலிக்கும் கூட்டமும் அதே உறவுதான்.

நம் முன்னோர் இந்த உறவை அறியாதவர்களா என்ன? சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழை எடுத்ததும் இணை, கிளை, பகை, நட்பு என்ற நான்கையும் ஆராய்ந்துதான் இசைக்கிறாள். ‘குரல்’ என்ற ஸ்வரத்துக்கு ‘இளி’ என்ற ஸ்வரம் கிளை. இன்றைய பேச்சில் ச-வுக்குப் ப. நரம்புகளுக்குள் சொந்தமும் பகையும் கண்டு பேர் வைத்த காதுகள் அவை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அப்புறம், கீபோர்டில் சுருதி சேர்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அதில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த மேல் ச வரை உள்ள தூரத்தை, 12 சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். பஞ்சமம் ஏறக்குறைய சரியாக வரும். காந்தாரம்தான் 500-க்குப் பதில் 504 பக்கம் போய்விடும். தம்புராவோடு சேர்த்து வாசித்தால் இரண்டும் உரசுவது காதில் படும். சுருதியைத் தம்புராவிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது தம்புராவை மீட்டச் சொல்கிறேன். நான்காவதான அந்த மந்தர சட்ஜத் தந்தி ஒலித்து அடங்கும்போது மேலே எழும் காந்தாரத்தைக் கவனியுங்கள். பின்வரிசையில் கேட்காவிட்டால் தயங்காமல் முன்னால் வாருங்கள்.