ரத்தம் முன்கூட்டிச் சொல்லுமா?

அன்புள்ள பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

சிங்கப்பூரில் டெங்கி வந்தவரை நலம் விசாரிக்கப் போனால் நாம் முதலில் கேட்பது என்ன? "தட்டணு எவ்வளவுக்கு இறங்கியிருக்கு?" தேக்காவில் காய்கறி வாங்கும் அக்காவுக்கும் அந்த எண்ணின் பொருள் தெரியும். ஆய்வுக்கூடத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. அதனால்தான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள்: கொவிட், இன்ஃபுளுவென்சா முற்றுமா என்று சொல்லவும் அப்படி ஓர் எண் இருக்கிறதா?

ஒற்றை எண் இல்லை. சில எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நுரையீரலில் வைரஸ் பெருகும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செய்தி கிடைத்ததும் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. நோய் நெஞ்சில், சாட்சி கல்லீரலில்! 1930-இல் நியூயார்க்கின் ராக்கபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் இதைக் கண்டறிந்ததும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே முதல் கொவிட் நோயாளி உறுதியானது 2020 ஜனவரி 23. தொடக்க மாதங்களில் சேர்க்கப்பட்டவர்களின் ரத்தத்தை நம் மருத்துவர்கள் அந்த ஆண்டே ஆராய்ந்து எழுதினார்கள். தீவிர சிகிச்சைக்குப் போனவர்களுக்கு லிம்போசைட் என்ற வெள்ளணு குறைந்திருந்தது, திசுக்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் எல்டிஎச் என்ற நொதி கூடியிருந்தது. லிம்போசைட்டை எண்ணப் பெரிய கருவி வேண்டாம், சாதாரண முழு ரத்தப் பரிசோதனையே போதும்.

டி-டைமர் என்று இன்னொன்று, ரத்தக்கட்டி கரையும்போது உதிரும் துண்டு. வூஹானில் 191 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனையில் சேரும்போதே இது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களிடம் இறப்பு அதிகம் இருந்தது. ஆனால் வயதானாலும், பிள்ளை உண்டாகியிருந்தாலும், அறுவை சிகிச்சை முடிந்திருந்தாலும் டி-டைமர் ஏறும். தாத்தாவின் தாளில் அதைப் பார்த்த உடனே அழ வேண்டாம்.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். 2021-இல் அவருக்குக் கொவிட் தொற்று. முதல் நாள் சிஆர்பி லிட்டருக்கு 38 மில்லிகிராம். மறுநாள் 112. மனிதர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், ரசம் வேண்டும் என்றுகூடக் கேட்டார். அன்றிரவே ஆக்சிஜன் இறங்கியது. 38 என்பதை மட்டும் பார்த்தவருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. கல்லீரல் சுரப்பதை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சிஆர்பி சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்படியிருக்க ஒரே நாளில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றால், உள்ளே அழற்சி இன்னும் மூண்டுகொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

சரி, தெரிந்து என்ன செய்வது? பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி 75 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களைத் தேர்ந்து, இன்டர்லூக்கின்-6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 28 நாளுக்குள் 100-க்கு 35 பேர் இறந்தார்கள். இந்த மருந்தும் சேர்ந்தபோது 31 பேர். அந்த நான்கு பேரும் யாரோ ஒருவருக்குச் சித்தப்பாதான்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். தனியார் மருந்தகத்தில் எடுத்திருந்தால் தாளைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது புதிய முடிவோடு பழையதையும், எடுத்த தேதி, நேரத்தோடு காட்டுங்கள். மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

நன்றி. இனி உங்கள் கேள்விகள்.