தானாக ஏறிய சம்பளம் எங்கே இருக்கிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'சம்பள உயர்வு உழைப்பைப் பார்த்துத் தானாக வர வேண்டியதா, வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டியதா?' இதுதான் தலைப்பு. கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. நான் எழுந்ததுமே எதிரணித் தலைவர் சிரித்தார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பார். யாரையும் அழச் சொல்ல நான் வரவில்லை ஐயா. கணக்கைக் காட்டிக் கேட்கச் சொல்லவே வந்திருக்கிறேன்.

ஐயா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "என் சர்வீஸில் ஒரு நாள்கூட மேனேஜர் அறைக்குப் போய்ச் சம்பளம் கேட்டதில்லை, அது பாட்டுக்கு ஏறியது" என்றார். பிரமாதமான கைதட்டல், நானும் தட்டினேன். ஆனால் அது எப்படி ஏறியது? வங்கி ஊழியர்களின் சம்பளம் 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தங்களால் முடிவாகி வருகிறது. ஒரு பக்கம் இந்திய வங்கிகள் சங்கம், மறுபக்கம் தொழிற்சங்கங்கள். 2018இல் வங்கிகள் சங்கம் முதலில் நீட்டியது எவ்வளவு தெரியுமா? வெறும் 2 சதவீதம்! தொழிற்சங்கங்கள் மே 30, 31 இரண்டு நாளும் வேலைநிறுத்தம் செய்தன. பேச்சு இழுத்துக்கொண்டே போய் 2020 நவம்பரில் கையெழுத்தானபோது அது 15 சதவீதம். அடுத்த ஒப்பந்தம் 2024 மார்ச்சில் முடிந்தது, 17 சதவீதம். ஐயா கேட்கவில்லை, சரி. ஐயா போன்றவர்களுக்காக வேறு யாரோ கேட்டார்கள், வெயிலில் நின்று கோஷம் போட்டார்கள். தானாக வரட்டும் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டோடு முடிந்திருக்கும்.

தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908இல் நடந்ததும் இதுதான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்ற பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்து கூலியைக் கூட்டியது.

சங்கம் இருப்பவர்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறது. தனியார் கம்பெனியில் தனி ஆளாக இருப்பவர் என்ன செய்வது? இங்கே எதிரணி அம்மா சொன்னது பாதி நியாயம். "போய் மூக்கைச் சிந்தினால் மரியாதை போய்விடும்" என்றார். போகும்தான். வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று போய் நின்றால் மேனேஜர் தன் வீட்டு வாடகையைச் சொல்லி நம்மை ஆறுதல் சொல்ல வைத்து அனுப்புவார்.

ஒரு சின்னக் கம்பெனியின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பார்த்த வேலை. ஒருவர் விலகிவிட்டார், ஆள் போடவில்லை. மிச்சமிருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும்? "சார், அவர் பார்த்த ஜிஎஸ்டி தாக்கல் ஒரு வருஷமாக என்னிடம் இருக்கிறது. மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 படிவம், 20ஆம் தேதி 3பி படிவம். ஒரு மாதம்கூடத் தாமதக் கட்டணம் கட்டவில்லை. அவருக்குக் கொடுத்த சம்பளமும் மிச்சம். என் அடிப்படைச் சம்பளத்தில் 5,000 ரூபாய் கூட்டித் தர வேண்டும்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அந்தப் பக்கம் அரை நிமிஷம் மௌனமாக இருந்தால் போதும், "இல்லை சார், மூவாயிரம்னாலும் பரவாயில்லை" என்று நாமே நம் விலையைக் குறைத்துவிடுவோம். மேனேஜர் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார்!

அடிப்படைச் சம்பளத்தில் என்று அழுத்திச் சொன்னேன், கவனித்தீர்களா? சில கம்பெனிகள் போனஸ், ஊக்கத்தொகை என்று வேறு தலைப்பில் கொடுத்து வாயை அடைத்துவிடும். பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, எதை வைத்துப் போடுகிறார்கள்? முக்கியமாக, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும். அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்க வேண்டும். அடிப்படையில் 2,600 ரூபாய் கூடினால் ஒரு வருஷத்துக்கு 1,500 ரூபாய், இருபது வருஷ சர்வீஸுக்கு 30,000 ரூபாய். இன்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டது ஓய்வு பெறும் நாள் வரை துரத்தும்.

"கேட்டால் பெயர் கெடும், வேலையே போனாலும் போகும்" என்றார் எதிரணியின் இளைஞர். கேட்டும் கிடைக்காத இடங்கள் உண்டு, மறைக்கவில்லை. அங்கேயும் சும்மா திரும்பி வரக் கூடாது. என்ன செய்து காட்டினால் கிடைக்கும், எந்த மாதம் மறுபடி பேசலாம் என்று கேட்டுவிட்டு, அன்று மாலையே அதை ஒரு மெயிலாகப் போட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று அவர் கேட்க முடியாது பாருங்கள்.

பெண்கள் கேட்டால் வேறொரு பதில் தயாராக இருக்கும். "உங்க வீட்டுக்காரர்தான் நல்லா சம்பாதிக்கிறாரே." சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை அந்தச் சட்டம் பார்க்கச் சொல்லவில்லை.

அடுத்து எதிரணியில் பேச வருபவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருப்பவர் என்று நடுவர் அறிமுகப்படுத்தினார். தகுதி இருந்தால் சம்பளம் தேடி வரும் என்று அவர் சொல்லத்தான் போகிறார். சொல்லட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு விவரம் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும். அவர் நிறுவனத்தில் ஐந்து வருஷமாக வாய் திறக்காமல் வேலை பார்ப்பவருக்கு என்ன சம்பளம், அதே வேலைக்குப் போன மாதம் பேரம் பேசி உள்ளே வந்தவருக்கு என்ன சம்பளம்?