வெளிச்சம் மலிந்தது, பங்கு விழுந்தது
(கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியது)

வணக்கம் உறவுகளே.

என் கையில் இருப்பது நேற்று கடைக்குத் திருத்த வந்த எல்இடி மின்குமிழ். மூடியைக் கழற்றியிருக்கிறேன், முன்வரிசைத் தம்பிமார் கிட்ட வந்து பாருங்கள். தகட்டில் மஞ்சள் பொட்டுகள். ஒன்றின் நடுவில் மட்டும் கரும்புள்ளி. அது எரிந்துபோனதால், தொடராக இணைத்த மற்றவையும் அணைந்துவிட்டன. மஞ்சள் பூச்சுக்கு அடியில் நீல ஒளி தரும் சில்லு. அதைப் பெரும்பாலும் நீலக்கல் தகட்டின் மேல்தான் வளர்த்தெடுக்கிறார்கள். இரத்தினபுரியில் தோண்டும் கல்லின் இனம்தான், ஆனால் இது உலையில் விளைந்தது, நிறமில்லாதது.

போன மாதம் ஒரு தம்பி வந்து கேட்டார்: "அண்ணை, உலகம் முழுக்க இப்ப எல்இடிதானே. அதுக்குச் சாமான் குடுக்கிற கொம்பனி நட்டப்படுமா? வெளிநாட்டில இருக்கிற மச்சான் பங்கு வாங்கச் சொல்றார்."

படும் தம்பி. பட்டிருக்கிறது.

சில்லு வளர்க்கும் இயந்திரங்களை அந்தக் காலத்தில் பெருமளவில் விற்றவை இரண்டே நிறுவனங்கள்: ஜெர்மனியின் ஐக்ஸ்ட்ரோன், அமெரிக்காவின் வீக்கோ. 2010 அளவில் தொலைக்காட்சித் திரைகளுக்குள் எல்இடி புகுந்தது. சீனாவில் உள்ளூர் அரசுகள் இயந்திரம் வாங்க மானியமும் கொடுத்தன. அந்த வருடம் ஐக்ஸ்ட்ரோனின் விற்பனை சுமார் 784 மில்லியன் யூரோ. 2012இல் 228 மில்லியன். எல்இடிக்கு மவுசு குறையவில்லை, வாங்கிக் குவித்த இயந்திரங்களே தேவைக்கு மேல் இருந்தன. கச்சான் விலை ஏறினால் அடுத்த வருடம் ஊரே கச்சான் போடும், மூட்டை விலை விழும். அதற்கடுத்த வருடம் விதைக் கச்சான் வாங்க ஆள் இராது. ஐக்ஸ்ட்ரோன் விதைக் கச்சான் விற்றவர்.

ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். வெளிச்சம் மலிந்ததில் எனக்கு உண்மையான சந்தோசம். ஆனால் அந்த மலிவுதான் விற்றவர்களின் இலாபத்தைத் தின்றது.

சரி, ஜீடி அட்வான்ஸ்ட் டெக்னோலஜீஸ் கதைக்கு வருகிறேன். நீலக்கல் உலை செய்த அமெரிக்க நிறுவனம். எல்இடி சந்தை சோர்ந்திருந்தபோது, நீலக்கல் விளைவித்துக் கொடுக்க 2013 நவம்பரில் அப்பிளோடு ஒப்பந்தம் செய்தது. அப்பிள் 578 மில்லியன் டொலர் முற்பணம் தருவதாக ஏற்பாடு. உடனே, ஐபோன் திரை முழுக்க நீலக்கல்லாம் என்று ஊகம் பறந்தது. பங்கு ஏறியது. 2014 செப்டெம்பர் 9ஆம் திகதி ஐபோன் 6 அறிமுகமானது. திரை கண்ணாடி. ஒக்டோபர் 6ஆம் திகதி ஜீடி நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. ஒரே நாளில் பங்கு பதினொரு டொலரிலிருந்து ஒரு டொலருக்கும் கீழே போனது. 2016இல் பழைய பங்குகள் இரத்தாகின.

எனக்கு நெஞ்சு வலிக்கும் இடம் இதுதான். ஒப்பந்தப்படி ஜீடி கல் விளைவிக்கத் தயாராக இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவு வாங்கியே தீருவேன் என்ற கட்டாயம் அப்பிளுக்கு இல்லை. முதல் நாளே நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்ட அறிக்கையில் இது இருந்தது. ஊகத்தை நம்பியவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

அந்த மச்சானுக்கு இன்றிரவே தொலைபேசி எடுங்கள். "வாங்குபவன் எவ்வளவு வாங்குவதாக எழுதிக் கொடுத்திருக்கிறான்?" என்று கேளுங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆறு மணிக்குப் பிறகு கடையில்தான் இருப்பேன். வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.