வெர்சோவா மணலுக்கு அடியில யாரோட கேபிள்?

வணக்கங்க. செம்பூர், மாட்டுங்கா, தாராவி, சயான்னு எங்க உக்காந்து கேட்டுட்டிருந்தாலும் எல்லாருக்கும் வணக்கம். இன்டர்நெட்டைத் தாங்கிட்டு வர்ற கடல் கேபிள் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் மும்பைல ஒரு டெலிகாம் கம்பெனி கண்ட்ரோல் ரூம்ல இருபது வருஷம் நைட் ஷிப்ட் பாத்தவன், ஆனா எங்க மாமியார் இன்னிக்கும் நான் டிவி கேபிள்காரன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க, அது கிடக்கட்டும்.

வெர்சோவா பீச்சுக்குப் போயிருப்பீங்க, கோலி மீனவங்க படகு நிக்கும், கருவாட்டு வாசனை தூக்கும். அந்த மணலுக்கு அடியிலதான் பல கேபிள் கரையேறுது. கண்டம் தாண்டற டேட்டால 95 சதவீதத்துக்கு மேல கடலடிலதான் போகுது, சேட்டிலைட்ல போறது கொஞ்சூண்டு. ஆழ்கடல்ல அந்தக் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணி பிடிக்கற ட்யூப் தடிமன்தாங்க. உள்ள தலைமுடி மாதிரி கண்ணாடி இழை, அதைச் சுத்தி செம்பு, சிக்னல் மங்காம தூக்கி விட வழில உக்காந்திருக்கற ரிப்பீட்டருக்கு எல்லாம் அந்தச் செம்பு வழியாத்தான் கரைலேர்ந்து கரண்ட் போகுது.

சரி, இது யாரோடது? இதுக்கு ஒரே வரில பதில் கிடையாது.

முதல்ல பாத்தா 1870ல தந்திக் கேபிள். பம்பாய்லேர்ந்து ஏடன் வரைக்கும் கிரேட் ஈஸ்டர்ன்னு ஒரு பிரம்மாண்ட கப்பல் போட்டுட்டுப் போச்சு, வெயில் தாங்கணும்னு கப்பலுக்கு வெள்ளை பெயிண்ட் வேற அடிச்சாங்களாம். பணம் போட்டது ஜான் பெண்டர், துணி வியாபாரம் பண்ணிட்டிருந்த ஆளு. அதாவது லண்டன் சேதி பம்பாய்க்கு வர்ற கடல் வழி முழுக்க அவரோட தனியார் கம்பெனிங்க கைல.

அப்பறம் வந்தது கூட்டுக் கணக்கு. நம்ம ஊர்ப் பக்கம் பங்காளிங்க நாலு பேரு சேர்ந்து கிணறு வெட்டி, ஆளுக்கு இத்தனை நாழின்னு முறை வச்சுத் தண்ணி பாய்ச்சுவாங்கல்ல, அதே கதைதான். தென்கிழக்கு ஆசியாவை நம்ம வழியா மேற்கு ஐரோப்பாவோட சேக்கற, 2005ல வந்த சீமீவீ 4ங்கற கேபிள்ல 16 டெலிகாம் கம்பெனி பங்காளி, நம்ம பக்கம் டாடாவும் ஏர்டெல்லும். தன் முறைய இன்னொருத்தருக்குப் பதினஞ்சு வருஷக் குத்தகைக்கு விடறதும் உண்டு.

நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. டாட்காம் காலத்துல அமெரிக்கால டைக்கோன்னு ஒரு கம்பெனி 200 கோடி டாலருக்கு மேல கொட்டி உலகத்தைச் சுத்திக் கேபிள் போட்டுச்சு, குமிழி ஒடஞ்சதும் வாங்க ஆளில்ல, அந்த நெட்வொர்க்கை முன்ன அரசாங்கக் கம்பெனியா இருந்து டாடா கைக்கு வந்திருந்த விஎஸ்என்எல் வெறும் 13 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. அதே சமயத்துல திவாலாகி எந்திரிச்ச ஃப்ளாக்னு ஒரு கடல் கேபிள் கம்பெனியை ரிலையன்ஸ் வாங்குச்சு. அந்த ஃப்ளாக் இப்ப ரிலையன்ஸ் கைலயும் இல்ல, மறுபடி திவால், மறுபடி விலை, கடைசில லண்டன் பங்குச் சந்தைல இருக்கற ஒரு முதலீட்டு கம்பெனிகிட்ட போயிடுச்சு. கேபிள் என்னவோ போட்ட இடத்துலயேதான் கிடக்குது.

இப்ப யாருன்னா, அதிகமா தண்ணி இறைக்கறவங்களே சொந்தமாக் கிணறு வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான். மெட்டா பங்காளிங்களோட போடற டூ ஆப்பிரிக்கா 45,000 கிலோமீட்டர், அதோட ஒரு கிளை மும்பைக்கு வந்தாச்சு. அடுத்ததா வாட்டர்வொர்த்னு 50,000 கிலோமீட்டர் திட்டம், இந்தியாவையும் தொடுமாம்.

ஆனா சொந்தக்காரன் யாரா இருந்தாலும் கட்டிக் குடுக்கற கொத்தனாருங்க விரல் விட்டு எண்ணற அளவுதான். அமெரிக்காவோட சப்காம், பிரான்ஸோட ஏஎஸ்என், ஜப்பானோட என்இசி, சீனாவோட எச்எம்என். இதுல ஏஎஸ்என்ல 80 சதவீதத்தை பிரெஞ்சு அரசாங்கமே நோக்கியாகிட்ட இருந்து வாங்கிடுச்சு, அந்த அளவுக்கு இது நாட்டு விவகாரம். சீமீவீ 6 கான்ட்ராக்ட் எச்எம்என்னுக்குப் போற மாதிரி இருந்து, அமெரிக்கா குடுத்த அழுத்தத்துல 2022ல சப்காம் கைக்குப் போச்சு. விலைய மட்டும் பாத்து இங்க யாரும் முடிவு பண்றதில்லீங்க.

அறுந்தா என்ன ஆகும்? 2008 ஜனவரி 30, எகிப்துல அலெக்சாண்ட்ரியா பக்கம் சீமீவீ 4ம் ஃப்ளாக் கேபிளும் ஒண்ணா போச்சு. ரெண்டு நாள்ல துபாய்க்கும் ஓமனுக்கும் நடுவுல ஃபால்கன்னு இன்னொரு கேபிளும் போச்சு, அங்க போய்ப் பாத்தா எவனோ விட்டுட்டுப் போன அஞ்சாறு டன் நங்கூரம். ரிப்பேர் கப்பல் வந்து, கொக்கி போட்டு ரெண்டு முனையையும் மேல தூக்கி, இழை இழையா ஒட்டணும், வெளிநாட்டுக் கப்பலாச்சே, அது வரவே நாளாகும்.

அந்த ஜனவரி 30 ராத்திரி நான் ட்யூட்டி. மலாட்ல கால் சென்டர் வச்சிருந்த ஒருத்தர் போன் பண்ணிக் கத்தறாரு, ஹிந்திலதான், கேபிள் உங்களோடதுதானேன்னு. பங்கு இருக்கு சார், ஆனா முழுசா எங்களுது இல்லன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்பறம் கேட்டாரு, அப்ப உங்க பங்கு இருக்கற எடத்தை மட்டுமாவது சரி பண்ணிக் குடுங்கய்யான்னு.